கெமரா பூட்டியாச்சு, பதிவு இருக்கா?

இப்போது தோட்டப் பகுதிகளில் எங்கே திரும்பினாலும் கெமரா. கோயில் உண்டியலுக்கு மேலே ஒன்று, கடை மேசைக்கு மேலே ஒன்று, பிள்ளைக் காம்பரா வாசலில் ஒன்று, லயத்து இஸ்தோப்பில்கூட சின்னதாக ஒன்று என்று வந்துவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும், குவைத், சவூதி என்று போயிருக்கும் தாய்மாரும் அனுப்பும் காசில்தான் பெரும்பாலும் இவை வாங்கப்படுகின்றன. கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு. ஆகவே இதைப் பற்றி இம்முறை கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம்.

எங்களிடம் வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பனி கெமரா நல்லம்? எத்தன மெகாபிக்சல் வாங்குறது?" என்பதுதான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. இந்தக் கெமராவிடம் ஒரு நாள் நாம் ஏதோ ஒன்றைக் கேட்கப் போகிறோம். என்ன கேட்கப் போகிறோம், சம்பவம் நடந்து எத்தனை நாளுக்குப் பிறகு கேட்கப் போகிறோம்? இதற்குப் பதில் தெரிந்தால் எதை வாங்குவது என்பது பாதி முடிவாகிவிடும்.

ஏனென்றால் டி.வி.யில் படம் தெரிவது வேறு, பதிவு இருப்பது வேறு. பதிவுப் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் செத்துப் போனாலும் கெமராவின் படம் டி.வி.யில் பளிச்சென்று தெரிந்துகொண்டுதான் இருக்கும். "வேல செய்யுது"ன்னு எல்லோரும் நினைத்திருப்போம். உண்டியலை உடைத்த பிறகு ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்று மாதமாக ஒன்றுமே பதியவில்லை என்று தெரியவரும். கெமரா பூட்டிய இடங்களில் நேரும் ஏமாற்றங்களில் இதுதான் பெரியது.

எத்தனை நாள் பதிவு வேண்டும்?

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஒரு கெமரா வைத்தால் என்ன என்ற பேச்சு இருக்கிறது. அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தராசில் எத்தனை கிலோ காட்டியது, சாக்குக் கழிவு, தண்ணிக் கழிவு என்று எவ்வளவு கழித்தார்கள், துண்டில் எவ்வளவு எழுதினார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. நம் கூலி அதில்தான் நிற்கிறது.

ஆனால் அந்தக் கேள்வி எப்போது வரும்? சம்பளம் மறுமாதம் பத்தாம் திகதி வாக்கில்தான் கைக்கு வருகிறது. சம்பளத் துண்டைப் பார்த்த பிறகுதான் ஒரு அக்கா சொல்வார்: "மூணாந்தேதி நான் முழுப்பேர் எடுத்தேனே, அரப்பேரால்ல போட்டிருக்கு." அதற்குள் 38 நாள் ஓடிவிட்டது. கடையில் சாதாரணமாகக் கட்டிக் கொடுக்கும் நாலு கெமரா, ஒரு பெட்டி, ஒரு டெராபைட் டிஸ்க் என்ற செட்டில் அந்த நாள் எப்போதோ அழிந்து போயிருக்கும். டிஸ்க் நிறைந்தவுடன் பெட்டி பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். அது கோளாறு அல்ல, அதன் வேலையே அப்படித்தான்.

கணக்கு கஷ்டமில்லை. இப்போது சாதாரணமாக விற்கும் இரண்டு மெகாபிக்சல் கெமரா ஒன்று, எச்.265 என்ற முறையில் பதிந்தால், செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு மெகாபிட் எடுக்கும். ஒரு நாளைக்கு அது கிட்டத்தட்ட 22 கிகாபைட். நாலு கெமரா என்றால் 86. ஆயிரம் கிகாபைட் கொண்ட ஒரு டெராபைட் டிஸ்க் பதினோரு நாளில் நிறைந்துவிடும். பழைய எச்.264 முறைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு இடம் வேண்டும். அப்போது ஆறு நாள்கூடத் தாங்காது. ஆகவே கடையில், "தம்பி, இது எத்தன நாளைக்குப் பின்னுக்குப் போய்ப் பாக்கலாம்?" என்று கேளுங்கள். "நெறையா நாளைக்கு இருக்கும் அக்கா" என்ற பதிலை ஏற்க வேண்டாம். நாள் கணக்காகவே சொல்லச் சொல்லுங்கள்.

நிறுவைக் கெமராவுக்கு நாற்பது நாள் வேண்டும். அதற்காகப் பெரிய டிஸ்க் வாங்க வேண்டும் என்பதில்லை. நிறுவை நடப்பது ஒரு நாளில் எல்லாம் சேர்த்து நாலு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தை மட்டும் பதியும்படி நேர அட்டவணை போடலாம். நாற்பது நாளைக்கு 144 கிகாபைட்தான் வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே டிஸ்க்கை நாலு கெமரா பங்கு போட்டால், எந்தக் கெமராவின் பதிவு என்று பார்க்காமல் பழையது எதுவோ அதுதான் முதலில் அழியும். ரோட்டைப் பார்க்கும் கெமரா நம் நிறுவைப் பதிவை விழுங்கிவிடும். கெமராவுக்குக் கெமரா டிஸ்க்கில் பங்கு ஒதுக்கும் வசதி சில பெட்டிகளில் உண்டு. இல்லாவிட்டால், உள்ளே மெமரி கார்ட் போடக்கூடிய கெமரா ஒன்றைத் தனியாக எடுத்து 256 கிகாபைட் கார்ட் போடுவதே லேசான வழி.

அந்தப் பதிவு யார் கையில் இருக்கும் என்பதையும் முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். சாவி ஒரு பக்கத்தின் கையில் மட்டும் இருந்தால் மறுபக்கத்துக்கு அது கெமராவே இல்லை. நிர்வாகமும் தலைவர்மாரும் மாதர் சங்கமும் இருக்கும் கூட்டத்தில் பேசி, முறைப்பாடு வந்தால் எத்தனை நாளைக்குள் யார் முன்னிலையில் பார்ப்பது என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் அது தொழிலாளியை வேவு பார்க்கிற கண்ணாக மாறிவிட அதிக நாள் எடுக்காது.

முகம் தெரியுமா?

அடுத்தது கெமராவின் கண்ணாடி, அதாவது லென்ஸ். பெட்டியில் 2.8, 3.6, 4, 6 என்று மில்லிமீற்றரில் போட்டிருக்கும். எண் சிறியது என்றால் அகலமாகப் பார்க்கும். பெரியது என்றால் குறுக்கிப் பார்க்கும், ஆனால் தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும். கடைக்காரர்கள் அதிகமாக விற்பது 2.8. கோயில் முற்றம் முழுவதும் ஒரே கெமராவில் தெரிகிறதே என்று நமக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் முற்றம் முழுவதும் தெரிந்தால் முகம் தெரியாது.

முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண, ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 புள்ளி வேண்டும் என்று ஐரோப்பிய நியமம் ஒன்று சொல்கிறது. இரண்டு மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 புள்ளி. வகுத்துப் பார்த்தால், படத்தில் எட்டு மீற்றருக்குக் குறைவான அகலம் இருந்தால்தான் முகம் பிடிபடும். 2.8 லென்ஸ் நாலு மீற்றர் தூரத்திலேயே அந்த அகலத்தை எட்டிவிடும். அதாவது பதின்மூன்று அடிக்கு அப்பால் நிற்கும் அந்நியனின் முகத்தை அதில் நம்ப முடியாது. நமக்குப் பழக்கமான ஆள் என்றால் இந்தத் தூரத்தில் இரட்டிப்பு வரை கண்டுபிடிக்கலாம். 6 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் அந்நியனையே எட்டு மீற்றர் வரை.

படத்தைப் பிறகு பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சினிமாவில்தான் அப்படி நடக்கும். பதியும்போது இல்லாத புள்ளி பிறகு வராது.

ஆகவே முற்றத்துக்கு அகலமான கெமரா ஒன்று, உண்டியலுக்கோ வாசலுக்கோ குறுக்கிப் பார்க்கும் கெமரா ஒன்று என்று இரண்டு வைப்பது, எட்டு மெகாபிக்சல் கெமரா ஒன்றைக் கூரை உச்சியில் வைப்பதைவிட நல்லது. உயரமும் முக்கியம். பதினைந்து அடி உயரத்தில் வைத்தால் குளிருக்கு இழுத்துப் போர்த்திய தொப்பியும் மழைக்குப் போட்ட சாக்கும்தான் தெரியும். வாசலில் முகம் பிடிக்க வேண்டிய கெமரா ஏழு எட்டு அடி உயரத்தில் இருக்கட்டும். நிறுவைக் கெமரா இன்னும் கிட்ட, தராசின் இலக்கம் படத்தில் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பூட்டிய அன்றே பதிவை ஓட்டி இலக்கத்தை வாசித்துப் பாருங்கள். டி.வி.யில் நேரடியாக ஓடும் படத்தைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மலிவான சில பெட்டிகளில் 1080 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'என்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அதற்கு அர்த்தம், அகலத்தில் பாதிப் புள்ளியைத்தான் அது பதியும் என்பது. கெமரா முழுப் படத்தைக் கொடுத்தாலும் பெட்டி பாதியாக்கிவிடும்.

கெமராவில் இரண்டு ஜாதி. ஒன்று பழைய டி.வி. வயர் மாதிரியான கோஎக்சியல் வயரில் ஓடுவது. அதன் பெட்டி டி.வி.ஆர். மற்றது கம்பியூட்டர் நெட்வேர்க் வயரில் ஓடுவது. அதன் பெட்டி என்.வி.ஆர். இரண்டாவதில் ஒரே வயரில் படமும் கரண்டும் போகும், ஆனால் நூறு மீற்றருக்கு மேல் வயர் இழுக்கக் கூடாது. முதலாவதை நல்ல வயர் போட்டால் இருநூறு மீற்றருக்கு மேலும் இழுக்கலாம், விலையும் குறைவு. கோயிலுக்கும் கடைக்கும் இரண்டுமே போதும். வேறு வேறு கம்பனிச் சாமான்களைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ஓன்விஃப் என்ற பெயர் இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அது 2008இல் மூன்று கம்பனிகள் சேர்ந்து தொடங்கிய பொது ஒழுங்கு. இருந்தால் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசும்.

இரவும் பனியும்

கொழும்புக் கடையில் இரவிலும் பட்டப்பகல் மாதிரித் தெரியும் கெமரா நம் மலைக்கு வந்தால் வெள்ளைப் புகையை மட்டும் காட்டும். காரணம் எளிது. இருட்டில் கெமரா தன்னைச் சுற்றியுள்ள சிறு விளக்குகளால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. மூடுபனியின் நீர்த்துளிகள் அந்த ஒளியை அப்படியே கெமராவின் முகத்துக்குத் திருப்பி அடிக்கின்றன. பனியில் லொறிக்காரர் பெரிய லைட்டைப் போட்டால் ரோடு மறைந்து வெள்ளைச் சுவர் தெரிவது போலத்தான். விலை கூடிய கெமரா வாங்கினாலும் இது மாறாது. பனி அதிகமான இடத்தில், கெமராவின் சொந்த விளக்கை நிறுத்திவிட்டு, கெமராவிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, பக்கவாட்டில் ஒரு சாதாரண எல்.ஈ.டி. பல்ப் போட்டுப் பாருங்கள். கடும் பனியில் அதுவும் உதவாது, ஆனால் வழக்கமான இரவுகளில் வித்தியாசம் தெரியும்.

இந்த ஒளிக்கும் சூட்டுக்கும் பூச்சி வரும். பூச்சிக்குச் சிலந்தி வரும். சிலந்தி கண்ணாடிக்கு முன்னாலேயே வலை பின்னும். பகலில் தெரியாத வலை இரவில் வெள்ளைக் கயிறு மாதிரித் தொங்கும். மாதம் ஒரு தடவை மெல்லிய துணியால் துடைப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. தகரக் கூரையின் ஓரமோ சுண்ணாம்புச் சுவரோ கெமராவுக்கு மிகக் கிட்ட இருந்தாலும் ஒளி அதில் பட்டுத் திரும்பி மற்றதையெல்லாம் இருட்டாக்கிவிடும். கெமராவை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளிப் பூட்டினால் சரி. கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் வட்டக் கெமராவின் குமிழில் ஈரமும் தூசியும் படிந்தால் இதே தொல்லைதான். வெளியில் பூட்டுவதற்குக் குமிழ் இல்லாத வகையே நமக்குத் தோது.

மழைக்குத் தாங்கும் என்று ஐ.பி. 66, 67 போட்டிருப்பதை நம்பலாம். ஆனால் அந்தத் தரம் கெமராவுக்குத்தான், அதன் வாலில் தொங்கும் வயர் மூட்டுக்கு அல்ல. அநேகமான வெளிக் கெமராக்கள் சாவது அந்த மூட்டில் தண்ணீர் இறங்கித்தான். மூட்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, வயர் பெட்டிக்குள் ஏறுவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணி வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. வயர் பூட்டும் தம்பி இறங்கிப் போகும் முன்பே இதைச் செய்வித்துக்கொள்ளுங்கள்.

கரண்டும் இடியும்

2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களை மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்கவே இருட்டானது. கரண்ட் இல்லாத இரவு கள்ளனுக்கு நல்ல இரவு. சிறிய யூ.பி.எஸ். ஒன்று பெட்டியையும் நாலு கெமராவையும் அரை மணித்தியாலம், கூடினால் ஒரு மணித்தியாலம் தாங்கும். அதைவிட முக்கியம், கரண்ட் திடீரென்று போய்ப் போய் வருவதால் டிஸ்க் கெட்டுப் போவதை அது தடுக்கும். டிஸ்க் வாங்கும்போதும் இரவு பகலாக எழுதுவதற்கென்றே செய்த, கண்காணிப்புக்கு உரிய வகையைக் கேளுங்கள். பழைய கம்பியூட்டரிலிருந்து கழற்றியதைப் போட்டுத் தருவார்கள், ஜாக்கிரதை.

மின்னல் நமக்குப் பெரிய எதிரி. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் அது எப்படி இறங்கும் என்பது தெரியும். லயத்திலிருந்து கோயிலுக்கு வெளியாக இழுத்த வயர் மின்னலைப் பெட்டிக்கே அழைத்து வரும். நேரே விழ வேண்டுமென்பதில்லை, பக்கத்தில் விழுந்தாலே போதும். வயரின் இரு முனையிலும் மின்னல் தடுப்பான் போட்டு முறையாக நிலத்துக்கு ஏர்த் கொடுக்க வேண்டும். ஏர்த் இல்லாத தடுப்பான் வெறும் அலங்காரம்.

கோளாறு வந்தால்

பகலில் நன்றாகத் தெரிந்து, பொழுது பட்டதும் விட்டுவிட்டு அணைந்து எரியும் கெமராவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கெமரா பழுது என்று மாற்றிவிடுவார்கள். புதியதும் அப்படியே செய்யும். உண்மையில் பழுது வயரில். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிய, கெமரா அதிகக் கரண்ட் கேட்கும். மெல்லிய நெட்வேர்க் வயரின் ஒரு சோடியில் நாற்பது மீற்றர் தூரத்துக்கு 12 வோல்ட் அனுப்பினால், அரை அம்பியர் இழுக்கும்போது வழியிலேயே மூன்று வோல்ட்டுக்கு மேல் தேய்ந்துவிடும். ஒன்பது வோல்ட்டும் கிடைக்காத கெமரா மயங்கி விழுந்து எழும்பும். தடித்த வயர் போடுவது, அல்லது பவர் பெட்டியைக் கெமராவுக்குப் பக்கத்தில் வைப்பது, இதுதான் மருந்து. எலக்ட்ரீஷியன் தம்பியிடம் இரவில், விளக்கு எரியும்போது, கெமரா முனையில் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். பகலில் அளந்தால் சரியாகத்தான் காட்டும்.

இரவில் ஒன்றுமே தெரியவில்லையா? கைபேசியின் கெமராவால் அந்தச் சிறு விளக்குகளைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத் தெரிபவை கைபேசியில் பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விளக்குப் போய்விட்டது. பகலில் தேயிலைச் செடி இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் உள்ளே இருக்கும் வடிகட்டி சிக்கிக்கொண்டது. சில வேளை கரண்டை நிறுத்திப் போட விலகும், இல்லாவிட்டால் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஒரு கெமரா மட்டும் இருட்டாக இருந்தால், ஆளைக் கூப்பிடும் முன் அந்த வயரைப் பெட்டியில் வேறொரு துளைக்கு மாற்றிப் பாருங்கள். படம் வந்தால் பெட்டியின் துளை பழுது. வராவிட்டால், வேலை செய்யும் கெமரா ஒன்றை அந்த வயரின் முனையில் பூட்டிப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் வயர், எலி கடித்திருக்கும். இந்த இரண்டு மாற்றத்தில் எது பழுது என்று தெரிந்துவிடும். கடைக்காரர் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் நாம் ஏமாற வேண்டியதில்லை. படத்தில் கோடுகள் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தால் கெமராவும் பெட்டியும் வேறு வேறு ஏர்த்தில் நிற்கின்றன என்று அர்த்தம்.

பெட்டி விடாமல் 'பீப் பீப்' என்று கத்தினால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அநேகமாக டிஸ்க் போய்விட்டது என்று அது அழுகிறது. கரண்ட் போய் வந்ததும் திகதி 2000க்கோ 1970க்கோ போய்விட்டால், உள்ளே இருக்கும் காசு அளவிலான பற்றரி தீர்ந்துவிட்டது. சின்ன விஷயம்தான், ஆனால் திகதி பிழைத்த பதிவில் ஒரு சம்பவத்தைத் தேடிப் பிடிப்பதும் நிரூபிப்பதும் பெரும்பாடு.

இவ்வளவுக்கும் மாதம் ஒருதரம் பத்து நிமிடம் போதும். போன வாரத்தில் ஏதோ ஒரு இரவைத் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாருங்கள். எந்தத் திகதி வரை பின்னால் போக முடிகிறது, கடிகாரம் சரியா என்று பார்த்துக் கோயில் கமிட்டிக் கொப்பியில் எழுதிக் கையொப்பம் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு

பிள்ளையை அம்மாயிடம் விட்டுவிட்டுக் கடல் கடந்து போன தாய், கைபேசியில் பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டு வாங்கி அனுப்புவது வைஃபை கெமரா. இதற்குப் பெட்டி வேண்டாம். மெமரி கார்ட் போதும். 64 கிகாபைட் கார்ட்டில் சுமாரான படத்தில் ஐந்தாறு நாள் பதிவு நிற்கும். ஆனால் டேட்டா காசு யாருக்கு என்பதை யோசிக்க வேண்டும். சுமாரான படத்தை ஒரு மணித்தியாலம் பார்த்தால் 450 மெகாபைட் நம் வீட்டு ரவுட்டரிலிருந்து போகும். அம்மாயியின் மாதப் பக்கேஜ் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். செயலியில் குறைந்த தரத்தைத் தெரிந்தால் நாலில் ஒரு பங்குதான் போகும். பிள்ளையின் முகம் அதிலும் தெரியும். கெமரா ரவுட்டரோடு சேர மறுத்தால், ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள்; மலிவான கெமராக்களில் பல 2.4ஐத்தான் பிடிக்கும்.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. பூட்ட வந்தவர் தன் கைபேசியில் முதலில் பதிந்து, பிறகு உங்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டுப் போனால், கெமராவின் சொந்தக்காரர் அவர்தான். உங்கள் வீட்டு உள்பக்கத்தை அவர் எப்போதும் பார்க்கலாம். உங்கள் கைபேசியில், உங்கள் பெயரில் முதலில் பதியச் சொல்லுங்கள். கடவுச்சொல்லையும் அன்றே மாற்றுங்கள். கம்பனி போட்டு அனுப்பிய கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கெமராக்களையும் பெட்டிகளையும் பிடித்துத்தான் 2016இல் மிராய் என்ற கிருமி நிரல் உலகம் முழுவதும் இணையத்தை ஆட்டிப் படைத்தது. கோயில் பெட்டியின் கடவுச்சொல்லை ஒரு உறையில் போட்டு ஒட்டி, பொருளாளரிடம் கொடுத்து வையுங்கள். தெரிந்த ஒருவர் ஊரை விட்டுப் போனதும் திறக்க முடியாமல் போகக் கூடாது.

எங்கே திருப்பக் கூடாது

லயத்தில் ஒரு வீட்டு இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் எதிர் லயத்துக் காம்பரா உள்ளே வரை தெரியும். பீலியில் பெண்கள் குளிப்பதும் உடுப்புத் துவைப்பதும் தெரியும். நம் பாதுகாப்புக்கு வைத்த கெமரா அடுத்தவர் மானத்தில் கை வைக்கக் கூடாது. பீலி, மலசலகூடம், பிள்ளைக் காம்பராவில் தாய்மார் பால் கொடுக்கும் இடம், இந்தப் பக்கமெல்லாம் கெமரா திரும்பவே கூடாது. அநேகமான கெமராக்களில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது. எதிர் வீட்டு வாசல் தப்ப முடியாமல் படத்தில் விழுந்தால் அதை மறைத்துவிட்டு, அந்த வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பாதிச் சண்டை அதோடு தீரும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. பிள்ளைக் காம்பராப் படத்தையோ கோயில் படத்தையோ வட்ஸ்அப்பில் சுற்ற விடுவது விளையாட்டல்ல. கெமரா இருக்கும் இடத்தில் 'கெமரா உண்டு' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். கள்ளனுக்கும் அது ஒரு எச்சரிக்கை.

பொலிசுக்குக் கொடுக்கும்போது

ஏதாவது நடந்துவிட்டால் ஆளுக்கு ஆள் பெட்டியை நோண்ட விடாதீர்கள். பதினோரு நாள் கணக்கு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக்குப் பார்ப்போம், ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று விட்டால் அழிந்துவிடும். அன்றே பென் டிரைவில் பிரதி எடுங்கள். டி.வி.யில் ஓடும் படத்தைக் கைபேசியால் வீடியோ பிடிப்பது பிரதி அல்ல. சில பெட்டிகள் தங்களுடைய சொந்த வடிவத்தில்தான் பிரதி கொடுக்கும்; அதை ஓட்டும் சிறு மென்பொருளையும் சேர்த்து எடுக்க வேண்டும். எடுத்ததை வேறொரு கம்பியூட்டரில் போட்டு ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது.

சம்பவ நேரத்திலேயே எடுத்த ஒளி, ஒலிப் பதிவுகளை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட வேண்டும். ஆகவே வெட்டி ஒட்டாமல், சம்பவத்துக்கு அரை மணித்தியாலம் முன்னும் பின்னும் சேர்த்து எடுங்கள். பெட்டியின் கடிகாரத்தையும் கைபேசி நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒவ்வொன்றையும் உறையில் போட்டு, திகதி, நேரம், எந்தக் கெமரா, எடுத்தவர் பெயர் எல்லாம் மேலே எழுதி, கமிட்டியில் இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். ஒன்றைப் பொலிஸில் கொடுத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். மற்றது கோயில் பெட்டகத்தில் இருக்கட்டும். பொலிஸார் டிஸ்க்கையே கேட்டால் கொடுக்கலாம், அதன் மேல் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கத்தை எழுதி வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்குத் துண்டு வாங்கிய பிறகு. அன்று மாலையே பெட்டியில் வேறு டிஸ்க் போட மறக்காதீர்கள்.